381

அன்புள்ள நண்பா,

உன் மூன்று குறுஞ்செய்திகளுக்கும் பதில் போடாத குற்றத்துக்கான தண்டனையை நேரில் வைத்துக்கொள்வோம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது தேவலை. தாடிக்காரன் மறுபடியும் வேலை மாறிவிட்டான். இனி என் புலம்பல்.

நிர்வாகப் படிப்புக்காக ஐ.ஐ.எம். கல்லூரிகளில் சேர எழுதிய கேட் (CAT) தேர்வின் முடிவு வந்துவிட்டது, 97.8 பர்சன்டைல். வீட்டில் இதை நூற்றுக்கு வாங்கிய மதிப்பெண் என்றே எண்ணித் தெரு முழுக்கச் சொல்லி மகிழ்கிறார்கள். ஏறத்தாழ 3 லட்சம் பேர் எழுதும் தேர்வில் எனக்கு முன்னால் 6,500 பேராவது நிற்கிறார்கள் என்பதே இதன் பொருள் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வேன்? கணிதத்தில் 99-ஐத் தாண்டியவன், தரவு விளக்கமும் தருக்கமும் சேர்ந்த பகுதியில் 81-இல் படுத்துவிட்டேன். அந்தப் பகுதிக்குக் கிடைத்த 40 நிமிடத்தில் 17 நிமிடத்தை ஒரே புதிருக்குத் தாரை வார்த்தேன். தாளில் கட்டம் போடுவதும் அடிப்பதும் மீண்டும் போடுவதுமாக இருந்தேன். கடைசிக் கட்டத்தில் இரண்டு எண்கள் ஒத்துவராதபோதுதான் முதல் வரியையே தவறாகப் படித்திருக்கிறேன் என்று தெரிந்தது. 'தெரியாததை விட்டுட்டு அடுத்ததுக்குப் போடா' என்று நம் கணக்கு வாத்தியார் ஆயிரம் முறை சொன்னார். உனக்குப் பதிந்தது, எனக்குப் பதியவில்லை.

ஆனால், என் தூக்கத்தைக் கெடுப்பது அந்தப் புதிர் அன்று. பத்தாம் வகுப்பில் நான் வாங்கிய 381. "இந்த மார்க்கை இனி எவன் பார்க்கப் போகிறான்?" என்று அன்று என் தோளில் தட்டிச் சொன்ன மகான் நீதான். பதினோரு ஆண்டுகள் கழித்துப் பார்க்கிறார்களடா! பெங்களூரு, கொல்கத்தா ஐ.ஐ.எம்.கள் நேர்காணலுக்கு ஆள் பொறுக்கும்போதே பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களைக் கேட் மதிப்பெண்ணோடு சேர்த்துக் கணக்கிடுகின்றன. கோழிக்கோட்டில் பெண்களுக்கும் பொறியியல் படிக்காதவர்களுக்கும் கூடுதல் புள்ளிகள் உண்டு. அது நியாயம் என்றே நினைக்கிறேன், ஆனால் பொறியியல் படித்த ஆண் என்பதால் அங்கும் எனக்கு ஒன்றும் தேறாது. அகமதாபாத் பக்கம் நான் தலைவைத்தும் படுக்கவில்லை. பல புதிய ஐ.ஐ.எம்.கள் சேர்ந்து நடத்தும் பொது நேர்காணலுக்கு அழைப்பு வரும் என்று ஓரளவு நம்புகிறேன். திருச்சி கிடைத்தால் அம்மா கோயில் கட்டிவிடுவாள்.

இரவு பதினொரு மணிக்கு மேல் எக்செல் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, எனக்கு 430 கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போடுகிறேன். நடக்காத ஒன்றுக்குத் தசமப் புள்ளி வரை துல்லியம்! நேற்றுதான் அந்தக் கோப்பை அழித்தேன். (குப்பைத்தொட்டியில் இன்னும் இருக்கிறது.)

ஒன்றை மட்டும் உன்னிடம் ஒளிக்காமல் சொல்கிறேன். நான்கு ஆண்டுகளாக மென்பொருள் எழுதிக்கொண்டிருப்பவனுக்கு எதற்கு நிர்வாகப் படிப்பு என்று கேட்டால், சம்பளம், மேலாளர் மீதான எரிச்சல் ஆகிய இரண்டைத் தவிர என்னிடம் ஒழுங்கான விடை இல்லை. மதிப்பெண்ணைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தால் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போடலாம் அல்லவா, அதைத்தான் இத்தனை நாளும் செய்திருக்கிறேன். அழைப்பு வந்துவிட்டால் தள்ளிப்போட இடமிருக்காது. வராவிட்டால் இந்த மதிப்பெண் அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்குச் செல்லாது. நவம்பரில் மறுபடியும் முதலிலிருந்து எழுத வேண்டும்.

நீ இரண்டு முறை அந்த நேர்காணல் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து எழுந்தவன். வரும் ஞாயிறு காலை ஒரு மணி நேரம் ஒதுக்கி, முன்பின் தெரியாதவனைக் கேட்பதுபோல் என்னைக் கேள்வி கேள். இரக்கம் காட்டாதே, சிரிக்காதே. முதல் கேள்வி 381-ஐப் பற்றியதாகவே இருக்கட்டும். அதற்கு உன் பெயரைச் சொல்லலாமா என்பதையும் அன்றே முடிவு செய்துகொள்வோம்.

உன்,
அதே பழைய கடைசி பெஞ்சுக்காரன்