கேத்தி ஸ்டேஷனில் இருந்து நடந்து வருபவர்கள் கவனத்துக்கு

எல்லோருக்கும் வணக்கம். புதிதாக வேலைக்குச் சேரும் தங்கச்சிகள், குன்னூரில் இருந்து மலை ரயிலில் வந்து கேத்தியில் இறங்கி நடந்தே வந்துவிடலாமா என்று கேட்டிருந்தீங்க. தூரத்தை மட்டும் வைத்து முடிவு பண்ணாதீங்க. ஒரு லீவு நாளில், வேலைக்கு வரும் நேரத்தில் ஒரு தடவை, திரும்பும் நேரத்தில் ஒரு தடவை நடந்து பாருங்க. சிக்னல் எங்கே போகிறது, டீக்கடை எப்போது சாத்துகிறார்கள், எந்த வளைவுக்கு அப்புறம் வீடே இல்லை என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

பனிமூட்டம் இருந்தால் தேயிலைத் தோட்டத்துக் குறுக்குப் பாதை வேண்டவே வேண்டாம். போன டிசம்பரில் அங்கே திரும்பினேன், பத்தடியில் காட்டெருமை. முதலில் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. அப்புறம் முழங்காலுக்குக் கீழே காலுறை போட்ட மாதிரி வெள்ளைக் கால்கள். ஓடாமல், மெதுவாகப் பின்பக்கமாகவே நகர்ந்து வந்தேன். கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆனது. விடியலிலும் அந்தியிலும் கரடியும் வரும்.

தண்டவாளத்தில் நடக்காதீங்க. 1989 ரயில்வே சட்டம் 147ஆவது பிரிவுப்படி அது குற்றம், வளைவில் வண்டி வருவதும் தெரியாது.

சாயங்காலம் தனியாக என்றால் பஸ்தான். குளிர்காலத்தில் ஆறரைக்கே நல்ல இருட்டு. யாராவது பின்தொடர்கிற மாதிரி தோன்றினால் சந்தேகப்பட்டுக்கொண்டே நடக்காமல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்க, அவசர உதவி எண் 112க்கு அடிங்க. பெண்களுக்கான உதவி எண் 181ம் இருக்கிறது.

திங்கட்கிழமை காலை பிளாட்பாரத்தில் நான் நிற்பேன். முதல் நாள் சேர்ந்தே நடக்கலாம்.