திருகோணமலைப் பயணம்: பங்கரையும் பார்ப்போம்

குழுவிலுள்ள அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை அதிகாலை 3 மணிக்கு ஹட்டனிலிருந்து வான் கிளம்பும். கோணேஸ்வரம், கடல் எல்லாம் வழக்கம்போல உண்டு. இந்த முறை ஹூட்ஸ் டவர் கடற்படை அருங்காட்சியகத்தையும் சேர்த்திருக்கிறோம்.

அது ஒஸ்டன்பேர்க் கோட்டை மேட்டில், துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கிறது. எதிரிக் கப்பல்களைத் தடுக்க ஆங்கிலேயர் அங்கே பீரங்கிகளை வைத்தார்கள். ஆனால் இரண்டாம் உலகப் போரில், 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியர் வந்தது வானத்தால். அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலும் அவர்கள் தாக்கியதில் மூழ்கியது. வெடிமருந்து வைத்த பங்கர்கள்தான் இப்போது காட்சி அறைகள். போன தடவை நான் உள்ளே நுழைந்ததும் சுவரில் கை வைத்தேன். வெளியே கொளுத்தும் வெயில், சுவரோ நம்ம ஊர்ப் பீலித் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருந்தது. பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

மலையகத்துக்கும் அந்தப் போரில் பங்குண்டு. 1944இல் தென்கிழக்காசிய நேச நாட்டுப் படைகளின் தளபதி மவுண்ட்பேட்டனின் தலைமையகம் பேராதனைப் பூங்காவில்தான் இருந்தது. போகும் வழியில் காட்டுகிறேன்.

அப்புறம், அது கடற்படைத் தளம். அடையாள அட்டை இல்லாமல் வராதீர்கள். வருகிறவர்கள் வியாழனுக்குள் பெயர் போடுங்கள்.