தீர்ப்பு எத்தனை மணிக்கு?

ஃபார்முலா 1 கார் பந்தயத்தின் நடுவர்களான ஸ்டூவர்டுகளுக்கு,

வணக்கம். பிரேசிலின் சாவ் பாவ்லோவில் மாலை நான்கு மணி என்றால் இங்கே நள்ளிரவு தாண்டி அரை மணி. 2021 நவம்பரில் அப்படிக் கண்விழித்துத்தான், கிளம்பும் வரிசையை முடிவு செய்யும் அந்தத் தகுதிச் சுற்றைப் பார்த்தேன். ஹாமில்டன் வெர்ஸ்டாப்பனைவிட 0.438 வினாடி வேகம். சந்தோஷமாகப் படுத்தேன். காலையில் எழுந்தால் இருவர் மேலும் விசாரணை!

ஹாமில்டன் காரின் பின் இறக்கை, வேகம் கூட்டத் திறக்கும்போது, இடைவெளி 85 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது அப்போதைய விதி. ஒரு பக்கம் தாண்டியிருந்தது. வெர்ஸ்டாப்பனோ, ஓட்டம் முடிந்து நின்ற காரின் அந்த இறக்கையையே கையால் தொட்டுப் பார்த்திருக்கிறார். அதைக் காட்டிக்கொடுத்தது உங்கள் கேமரா இல்லை, கேலரியில் இருந்த ரசிகர் ஒருவரின் வீடியோ. அதையும் போட்டுப் பார்த்துத்தான், அவர் தொட்டதில் இறக்கை அசையவில்லை என்ற முடிவுக்கு வந்தீர்கள். அவருக்கு 50,000 யூரோ அபராதம். ஹாமில்டனுக்கு அந்தத் தகுதிச் சுற்றிலிருந்து நீக்கம்.

தீர்ப்பில் எனக்குக் குறை இல்லை. வேண்டுமென்றே செய்ததல்ல என்று எழுதிவிட்டு, விதி விதிதான் என்று நின்றீர்கள். காரணங்களையும் விளக்கமாகவே எழுதியிருந்தீர்கள். ஆனால் அது வந்தது சனிக்கிழமை, ஸ்பிரின்ட் என்ற குறும்பந்தயத்துக்குச் சில மணி நேரம் முன்னால். இடைப்பட்ட நேரத்தில் நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? ஆளுக்கொரு நீதிபதி ஆனோம். பத்து வருட நண்பன் ஒருவன் எங்கள் வாட்ஸ்அப் குழுவிலிருந்தே வெளியேறினான். (அப்புறம் ஞாயிறன்று முக்கியப் பந்தயத்தில், பத்தாவதாகக் கிளம்பிய ஹாமில்டன் ஜெயித்ததும் திரும்பி வந்தான். அது வேறு கதை.)

எங்கள் மேலும் தப்பு உண்டு. பிடித்த ஓட்டுநர் மாட்டினால் ஸ்டூவர்டு விலைபோய்விட்டார் என்கிறோம், பிடிக்காதவர் மாட்டினால் நீதி பிழைத்தது என்கிறோம். உங்களில் பெரும்பாலோர் சம்பளமில்லாமல் வந்து உட்கார்கிறவர்கள் என்பது திட்டுகிற பலருக்குத் தெரியாது.

அவசரப்படச் சொல்லவில்லை. 2006 மொனாக்கோ தகுதிச் சுற்றில், ரஸ்காஸ் என்ற வளைவில் ஷூமாக்கர் காரை நிறுத்தியது தற்செயலா, பின்னால் வந்த அலோன்சோவைத் தடுக்கவா என்று பார்க்க இரவு வரை ஆனது. கடைசியில் ஷூமாக்கர் அந்தச் சுற்றில் பதிவு செய்த நேரங்கள் அத்தனையும் நீக்கப்பட்டன. அப்படிப்பட்ட கேள்விக்கு நேரம் பிடிக்கத்தான் செய்யும்.

கேட்பது இரண்டே. ஒன்று, தீர்ப்புத் தாளோடு நீங்கள் பார்த்த காட்சிகளையும் வெளியிடுங்கள். ரசிகர் எடுத்த வீடியோ உங்களுக்குச் சாட்சியானது, சரி. உங்களிடம் இருப்பதை நாங்களும் பார்க்கலாம் அல்லவா? இன்னொன்று சின்ன விஷயம். திரையில் 'விசாரணையில் உள்ளது' என்று போடும்போது, முடிவு எத்தனை மணிக்கு என்றும் ஒரு வரி போடுங்கள். அலாரம் வைத்துவிட்டுத் தூங்குவேன்.

இப்படிக்கு,
பாதித் தூக்கத்தில் பந்தயம் பார்க்கும் ரசிகன்