பாட்டி போர்வைக்கு ஒரு தாங்கி

அன்புள்ள மகனுக்கு,

பாட்டி தைத்த ஒட்டுத்துணிப் போர்வையைக் கேட்டிருந்தாய். தருகிறேன். ஆனால் சுவரில் நான்கு ஆணி அடித்து மாட்டிக்கொள்கிறேன் என்றாயே, அந்தக் கோபம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. அவ்வளவு பஞ்சும் துணியும் சேர்ந்த பாரம் நான்கு ஆணி முனைகளில் தொங்கினால் என்ன ஆகும்? அந்த இடத்தில் இழை இழுபடும், ஓட்டை விழும், பிறகு அதுவே கிழிசலுக்கு வழிவிடும். கண்ணாடிச் சட்டத்துக்குள் போடலாம் என்பது உன் இரண்டாவது யோசனை. கண்ணாடியில் துணி ஒட்டியபடி இருந்தால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். ஆகவே உன்னைக் கேட்காமலேயே ஒரு மரத்தாங்கி செய்துவிட்டேன். தனித்தனிப் பாகங்களாக உனக்கு வந்து சேரும். பெட்டியைப் பிரிப்பதற்கு முன் இதை ஒருமுறை முழுதாகப் படித்துவிடு.

அளவு எல்லாம் போர்வை சொன்னதுதான். அது 150 சென்டிமீட்டர் அகலம், 200 சென்டிமீட்டர் நீளம். நீளத்தை இரண்டாக மடித்தால் 100 வருகிறது. அதனால் இரண்டு பக்கச் சட்டங்களுக்கும் நடுவே 110 விட்டிருக்கிறேன். மடித்ததை மேலே போட்டால் இருபுறமும் ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் தொங்கும். தாங்கியின் உயரம் 95. துணி தரையைத் தொடாது, அடியில் துடைப்பம் போய்வரவும் இடம் இருக்கும். கால் பலகை 40 சென்டிமீட்டர் நீளம். அதைக் குறைத்திருந்தால் பார்க்க இன்னும் ஒடிசலாக, அழகாக இருந்திருக்கும். ஆனால் யாராவது போகிற போக்கில் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் சாய்ந்துவிடும். உன் வீட்டில் ஓடியாடும் குழந்தை இருக்கிறது.

மேலே ஒரு கோலுக்குப் பதிலாக இரண்டு வைத்திருக்கிறேன். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். ஒரே கோலில் போட்டால் முழுப் பாரமும் ஒரு கோட்டில் விழும். மெல்லிய கோலாக இருந்தால் அந்தக் கோட்டில் இழைகள் முறிந்து, சில வருடங்களில் நடுவில் ஒரு வெளிறிய தடம் விழும். 4 சென்டிமீட்டர் தடிமனில் இரண்டு உருண்டைக் கோல்கள் 12 சென்டிமீட்டர் இடைவெளியில் இருந்தால் பாரம் பங்கிடப்படும், மடிப்பும் கூர்மையாக விழாது.

மரம் தேக்கு. பழைய மேசை ஒன்றைக் கழற்றி எடுத்தது, வைரம் பாய்ந்த சட்டங்கள். பழைய மரத்தில் ஒரு நிம்மதி, அது ஆட வேண்டிய ஆட்டமெல்லாம் பெரும்பாலும் ஆடி முடித்திருக்கும். எந்த மரமும் நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதே இல்லை. அகலவாக்கில்தான் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப உப்பும், வற்றும். பக்கச் சட்டங்களில் வழக்கம்போல் துளையும், அதற்குள் இறங்கும் நாக்கான கழுந்தும்தான், கழுந்து சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. தேக்கின் எண்ணெய்ப்பசை கோந்தைச் சரியாகப் பிடிக்க விடாது என்பதால் ஒட்டும் முன் கழுந்துகளை ஸ்பிரிட்டால் துடைத்தேன். உன் அப்பா நடுநடுவே வந்து இழைப்புளியை என் கையிலிருந்து வாங்கப் பார்த்தார். கொடுக்கவில்லை.

உப்புத்தாள் தேய்த்ததைத்தான் நீ கையால் தடவிப் பார்க்க வேண்டும். சொரசொரப்பான 80-ஆம் எண் தாளில் தொடங்கி 120, 180, 220 என்று படிப்படியாக நைசான தாள் வரை. விளிம்புகள் எல்லாவற்றையும் உருட்டிவிட்டேன். கைக்கு வழவழப்பாக இருக்கிற மரம் துணிக்கும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் கிழிந்த நைலான் காலுறை ஒன்றை மரத்தின் மேல் இழுத்துப் பார்த்தேன். எங்காவது மாட்டினால் அங்கே மறுபடி தேய்ப்பு. பாட்டியின் தையல் நூலைவிடக் காலுறையின் இழை மெல்லியது. அது வழுக்கிப் போனால் போர்வையும் பத்திரம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மரம் துணிக்கு நண்பன் இல்லை. எவ்வளவு காய்ந்த மரமும் கொஞ்சம் கொஞ்சமாக அமில ஆவியை விட்டுக்கொண்டே இருக்கும். வெறும் மரத்தில் பல வருடம் கிடந்த பருத்தித் துணியை எடுத்துப் பார், பட்ட இடமெல்லாம் பழுப்பேறியிருக்கும். கறை மட்டும் என்றால் போகட்டும் எனலாம், அந்த இடத்தில் நூல் நொறுங்கவும் தொடங்கும். தேக்குக்கு எண்ணெய்ப்பசை வேறு. கறையான் அதை அவ்வளவாக அண்டாமல் இருக்கக் காரணமான பசை, துணியைப் பொறுத்தவரை இன்னொரு கறை. ஆளிவிதை எண்ணெய் பூசினால் தேக்கு எவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த எண்ணெயும் உலர உலர அமிலம் விடும். போதாததற்கு, அதைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். எனவே நீரில் கரையும் வார்னிஷ்தான், மூன்று பூச்சு. இதுவும் ஆவியைக் குறைக்குமே தவிர, அடியோடு நிறுத்தாது. அதற்காகத்தான் கோல்களுக்குச் சாயமில்லாத வெள்ளைப் பருத்தித் துணியில் உறை தைத்து வைத்திருக்கிறேன், ஆளுக்கு இரண்டு. உறை அமிலத்தைத் தானே வாங்கிக்கொள்ளும். அவ்வப்போது கழற்றித் துவைத்துப் போடு, கஞ்சி மட்டும் வேண்டாம். கஞ்சி இருந்தால் வெள்ளிப்பூச்சி விருந்துக்கு வந்துவிடும்.

அடுத்தது வெளிச்சம். வெயில் நேராக விழுந்தால்தான் சாயம் போகும் என்று நினைக்காதே. விளக்கு வெளிச்சமும் போதும், நேரம்தான் கூடும். ஒருமுறை போன நிறம் திரும்பாது. அருங்காட்சியகங்களில் பழைய துணிகளை 50 லக்ஸ் அளவிலேயே வைக்கிறார்கள், லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு. அவ்வளவு மங்கலில்தான் அவற்றைப் பார்க்க வேண்டியிருக்கிறது. உன் கூடத்தை அப்படி இருட்டாக்கச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக மூன்று மாதம் வெளியே, மூன்று மாதம் உள்ளே என்று வைத்துக்கொள். உள்ளே வைக்கும்போது பிளாஸ்டிக் பை கூடாது, துவைத்த பருத்தித் தலையணை உறை போதும். மடிப்புகளுக்குள் வெள்ளைத் துணியைச் சுருட்டி வை. ஒவ்வொரு முறை வெளியே எடுக்கும்போதும் மடிப்பை மாற்று. ஒருமுறை இரண்டாக மடித்தால் அடுத்த முறை மூன்றாக. இரண்டுக்கும் தாங்கியில் இடம் பொருந்தும். எந்தப் பக்கம் வெளியே தெரிகிறதோ அதையும் மாற்று. அதில் பட்டுத் துண்டுகளும் இருக்கின்றன, பாட்டியின் ரவிக்கையில் வெட்டியவை. வெளிச்சத்தில் பருத்தியைவிடப் பட்டு சீக்கிரம் நைந்துபோகும், அந்தப் பக்கத்தைக் குறைவாகக் காட்டு. கடைசி வரிசையில் இருக்கும் நீலக் கட்டம் உன் அரைக்கால் சட்டை. அதை வெட்டியதற்கு நீ வீட்டை இரண்டாக்கினாய்.

பொருத்துவது சுலபம், ஆணியும் திருகும் கிடையாது. இரண்டு கோல்களையும் பக்கச் சட்டங்களின் குழியில் செருகி, கீழே குறுக்குச் சட்டத்தின் கழுந்தைத் துளை வழியே வெளியே இழுத்து, அதில் ஆப்பு இறக்கு. கொட்டாப்புளியால் மெல்லத் தட்டினால் போதும். காய்ந்த காலத்தில் ஆப்பு தளர்ந்தால் மறுபடி ஒரு தட்டு. ஆப்பசைத்த குரங்கு போல உன் மகன் அதைப் பிடுங்காமல் பார்த்துக்கொள், நீ அந்த வயதில் நிச்சயம் பிடுங்கியிருப்பாய்.

போர்வை தாங்கியோடு வராது. வார்னிஷ் முழுதாக இறுக ஒரு மாதம் ஆகும், அதுவரை அதன் மேல் துணி படக்கூடாது. அதற்குள் நீ எனக்கு ஒன்று எழுத வேண்டும். தாங்கியை எந்தச் சுவரோரம் வைக்கப் போகிறாய், ஜன்னல் எந்தத் திசையில் இருக்கிறது, ஏசிக் காற்று நேராக அடிக்குமா? படம் எடுத்தும் அனுப்பு, காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. பார்த்துவிட்டுப் போர்வையை அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா