டோல் சீட்டு போச்சு, ஹெல்ப் நம்பரும் போச்சு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க கார் பக்கத்த எங்க வீட்டுக்காரர் ஒரு வாரம் கூட விடாம படிப்பாரு. புதுசா வந்த வண்டி நூறு கிலோமீட்டர் வேகத்த எத்தன செகண்டுல தொடும், சன்ரூஃப் எவ்ளோ பெருசுன்னெல்லாம் போடுறீங்க, நல்லாத்தான் இருக்கு, ஆனா குடும்பத்தோட போறப்ப ஹைவேஸ்ல வண்டி நின்னு போனா என்ன பண்ணணும்னு ஒரு பாரா கூட நான் பாத்ததில்ல, அதான் எழுதுறேன்.

பங்குனி உத்திரத்துக்கு திருநெல்வேலி பக்கம் எங்க சாஸ்தா கோயிலுக்குப் போக தாம்பரத்துலேர்ந்து கெளம்பினோம். உளுந்தூர்பேட்டை தாண்டி வேப்பூரும் தாண்டியாச்சு, உச்சி வெயில், ஏசி ஃபுல்லு, வண்டில அத்தை, நாத்தனார், அவங்க வீட்டு அண்ணன், பசங்க, டிக்கில பொங்கப் பானை வரைக்கும் சாமான். தொழுதூருக்கு கொஞ்சம் முன்னாடி ஏசில சூடா காத்து வருது, என்னடான்னு பாத்தா டெம்பரேச்சர் முள்ளு சிவப்புல நிக்குது, பானெட் இடுக்குல ஆவி. வீட்டுக்காரர் ஓரங்கட்டி இன்ஜின ஆஃப் பண்ணிட்டாரு.

அந்த அண்ணன் கைல துண்ட சுத்திக்கிட்டு ரேடியேட்டர் மூடிய தொறக்கப் போயிட்டாரு. பின்னாடி வந்து நிறுத்துன ஒரு லாரி டிரைவர் போட்ட சத்தத்துலதான் கைய எடுத்தாரு. உள்ள ப்ரெஷர் இருக்கறதால கூலன்ட், அதான் இன்ஜின் சூட்ட எறக்குற தண்ணி, நூறு டிகிரி தாண்டியும் கொதிக்காம அடங்கி கெடக்குமாம், மூடிய திருகுன அடுத்த நொடி பொங்கி மூஞ்சில அடிச்சிரும், விசில் வர்ற நேரத்துல குக்கர் வெயிட்ட புடுங்குன மாதிரி.

அதே ஆளுதான் எல்லாரையும் தடுப்புக் கம்பிக்கு அந்தாண்ட போய் நிக்கச் சொன்னாரு. அத்தை முட்டி வலி, நான் வண்டிக்குள்ளயே இருக்கேனேன்னாங்க, விடல. நிக்கிற வண்டிய பின்னாடி வந்து இடிக்கறதுதான் இந்த ரோட்டுல பெரிய பயமாம். வண்டியோட குடுக்குற சிவப்பு முக்கோணம் டிக்கியோட அடில இருந்துச்சு, பானை, பை எல்லாத்தையும் எறக்கித்தான் எடுக்க முடிஞ்சது. 1033 நம்பரும் அவர் சொன்னதுதான், நெடுஞ்சாலை ஆணையத்தோட ஹெல்ப்லைன், 24 மணி நேரமும் உண்டு. ரோட்டோர கிலோமீட்டர் கல்லு நம்பர பாத்து சொன்னோம், ரோந்து வண்டி வந்து பின்னாடி கோன் வச்சு நின்னாங்க.

மெக்கானிக் தொழுதூர்லேர்ந்து பைக்ல வந்தாரு. இன்ஜின் நல்லா ஆறுற வரைக்கும் தொடவே இல்ல, அப்புறம் ஈரச் சாக்க மூடி மேல போட்டு கொஞ்சூண்டு திருகி, உஸ்ஸுன்னு அடங்குனப்புறம் முழுசா தொறந்தாரு. இன்ஜின்லேர்ந்து ரேடியேட்டருக்கு சுடுதண்ணி போற மேல் ஹோஸ் பைப், கிளிப் போடுற எடத்துல வெடிச்சிருந்துச்சு. அந்த நுனிய மட்டும் பிளேடால அறுத்துட்டு மீதிய இழுத்து திரும்ப கிளிப் போட்டு, தண்ணி ஊத்தி, ஏசி போடாம திருச்சி போங்க, அங்க ஹோஸ மாத்தி கூலன்ட் ஊத்திக்கங்கன்னு அனுப்புனாரு.

என் ஆதங்கம் என்னன்னா, முன்னாடி டோல்ல காசு குடுத்தா ஒரு சீட்டு தருவாங்க, அதுல ஆம்புலன்ஸ், கிரேன் நம்பரெல்லாம் அச்சடிச்சிருக்கும். 2021 பிப்ரவரில ஃபாஸ்டேக் கட்டாயம் ஆனதுலேர்ந்து சீட்டு யாரு வாங்குறா, காசு புடிச்சதுக்கு எஸ்எம்எஸ் மட்டும் டாண்ணு வருது. அந்த எஸ்எம்எஸ்லயே 1033-ன்னு நாலு எழுத்து சேத்தா என்னங்க கொறஞ்சிடும்? ரோந்து வண்டி, கிரேன் எல்லாம் நாம கட்டுற டோல் காசுலதான ஓடுது. போர்டு இருக்குன்னு சொல்லுவாங்க, இருக்கு, ஸ்கேனர்ல டேக் விழுதான்னு பாக்குற நேரத்துல போர்ட யாரு படிக்கிறது?

உங்க பக்கத்துல ஒரு மூலைல அந்த நம்பர வாராவாரம் போடுங்க. இன்சூரன்ஸோட ரோட் சைட் அசிஸ்டன்ஸ்னு ஒண்ணு சேத்து விக்கிறாங்களே, அதுல எவ்ளோ தூரம் இலவசமா இழுத்துட்டுப் போவாங்கன்னு தெரிஞ்ச ஒருத்தர எழுதச் சொல்லுங்க. மலை எறங்குறப்ப பிரேக் சூடேறி புடிக்காம போறதப் பத்தியும் வேணும், மே மாசம் ஏற்காடு, கொடைக்கானல்னு பாதி ஊரு கெளம்பிடும், அதுக்குள்ள வந்தா நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தாம்பரம்