இளஞ்செடிகளின் மீது இயந்திரத்தை ஓட்டாதீர்கள்

எங்கள் குடியிருப்புப் பூங்காவைப் பராமரிக்கும் அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் ஒப்பந்ததாரரின் ஆட்கள் பூங்காவைச் 'சுத்தம்' செய்த படம் உங்களுக்கு வந்திருக்கும். அதில் ஒரே உயரத்தில் வரிசையாக நிற்பவை, ஐப்பசி மழையில் நாங்கள் நட்ட ஆவாரை, நொச்சி, வெட்சிச் செடிகள். வேலியோரத்துத் துரந்தாப் புதர்களை வெட்டும் மோட்டார் கத்தரியை அப்படியே இவற்றின் மீதும் ஓட்டியிருக்கிறார்கள்.

படத்தில் தெரியாததைச் சொல்கிறேன். வெட்சியின் தண்டு வெட்டுப்படவில்லை, பிய்ந்திருக்கிறது. பட்டை உரிந்து தேங்காய் நார்போலத் தொங்குகிறது. கிளை நுனியில் பூக்கிற செடி அது. மொட்டுக்கொத்து அத்தனையும் குப்பைக்குப் போய்விட்டது. சித்திரை வெயிலில் நிற்பவை வெறும் குச்சிகள். இன்னும் வேர் பிடித்து முடியாத செடி, இலையும் இல்லாமல் எதை வைத்துத் தழைக்கும்?

இவை இதுவரை பிழைத்திருந்ததே தெருப் பெண்களின் தயவில்தான். பூங்காக் குழாய் பழுதாகிக் கிடப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மாசியிலிருந்து வீட்டுத் தண்ணீரில் மிச்சம் பிடித்துக் குடத்தில் சுமந்து வந்து ஊற்றினார்கள். முழங்கால் வலியோடு நடக்கும் ஒரு பாட்டி, அரிசி களைந்த தண்ணீரைத் தூக்குவாளியில் கொண்டுவருவார். செடிகளை வெட்டிய அன்று மாலையும் வந்தார். "எதுக்குப்பா ஊத்தறது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

குழாய்க்கு ஒரு வாஷர் போட ஆள் கிடைக்கவில்லை; மோட்டார் கத்தரிக்கு மட்டும் மாதம் தவறாமல் பெட்ரோல் கிடைத்துவிடுகிறது. ஒருவேளை குழாயையும் கவாத்து செய்துவிட்டார்களோ என்னவோ! மன்னிக்கவும், கேட்க வந்தது அதுவல்ல.

கவாத்தே, அதாவது கிளை வெட்டிவிடுவதே, வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. இளஞ்செடியில் நுனியைக் கிள்ளிவிட்டாலே பக்கக் கிளை வெடித்துப் புதர் அடர்ந்துவிடும். காய்ந்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை இவற்றைக் கூர்மையான கைக்கத்தரியால் கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் போதும். அதையும் பூத்து ஓய்ந்தபின், மண்ணில் ஈரம் இருக்கும்போது, மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் செய்ய வேண்டும். மாதா மாதம் மேலே மட்டும் மழித்தால் உச்சி அடர்ந்து, உள்ளே வெளிச்சம் போகாமல் அடி மொட்டையாகிவிடும். ஆவாரையும் பூக்காது, பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூவைக் கடையில்தான் வாங்க வேண்டும்.

இதைக் கற்றுக்கொடுக்க வெளிநாட்டு நிபுணர் தேவையில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் கொண்டுவந்த காபி இன்றும் ஏற்காட்டில் காய்க்கிறது. 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால், எந்தக் கிளை அடுத்த ஆண்டு காய்க்கும் என்று பார்த்துப் பார்த்துக் கையால் கவாத்து செய்யும் தோட்டத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். உரிய கூலி கொடுத்து அவர்களில் ஒருவரை ஒரு நாள் அழைத்து வந்தால் என்ன? காபிக்குக் கிடைக்கும் மரியாதையில் கால்பங்கு இந்த மண்ணின் ஆவாரைக்கும் கிடைக்கட்டும்.

ஆகவே பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்: நட்டு இரண்டு ஆண்டுகள் ஆகும்வரை எந்தச் செடியின் மீதும் இயந்திரம் ஓடக்கூடாது. ஒப்பந்தத்திலேயே இதை எழுதுங்கள். ஆட்கள் வரும் தேதியைப் பூங்காப் பலகையில் முன்கூட்டியே குறித்துவையுங்கள். கைக்கத்தரியோடு நாங்களும் வந்து நிற்கிறோம்.

இப்படிக்கு,
சேர்வராயன் மலையடிவாரத்துக் குடியிருப்பாளர்கள் சார்பில் ஒருவர்,
சேலம்