நாளைக்கான வேலையை இன்றிரவு கேட்காதீர்கள்: பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு தாயின் மடல்

மதிப்பிற்குரிய பள்ளி முதல்வர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம்.

உலகத் தண்ணீர் தினத்தன்று என் மகளின் டைரியில் எழுதி அனுப்பியிருந்த குறிப்பு தொடர்பாக இந்த மடல். 'மாதிரி நேர்த்தியாக இல்லை. தாயார் கூடுதல் அக்கறை எடுத்துக்கொள்ள வேண்டும்' என்று சிவப்பு மையில் இருந்தது. கீழே கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தார்கள், போட்டு அனுப்பிவிட்டேன். ஆனால் பதில் சொல்லாமல் விட மனம் வரவில்லை. எங்கள் வகுப்பில் பல அம்மாக்கள் இதே விஷயத்தைத் தங்களுக்குள் சொல்லிச் சொல்லிப் புலம்புகிறார்கள். உங்களிடம் சொல்லத் தயங்குகிறார்கள், அவ்வளவுதான். கேள்வி கேட்டால் பிள்ளை மீது அது திரும்பிவிடுமோ என்ற பயம் எந்தத் தாய்க்கும் உண்டு, எனக்கும் உண்டு. அதையும் மீறித்தான் எழுதுகிறேன்.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் செய்துவர வேண்டிய எந்த வேலையையும், கொண்டுவர வேண்டிய எந்தப் பொருளையும் குறைந்தது ஒரு வாரத்துக்கு முன் தெரிவியுங்கள். நாளைக்கு வேண்டியதை இன்றிரவு கேட்காதீர்கள்.

நடந்தது உங்களுக்குத் தெரியாதது இல்லை. மார்ச் 21 இரவு 9.20க்கு வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. நாளை உலகத் தண்ணீர் தினம், ஒவ்வொரு பிள்ளையும் நீர்ச் சுழற்சி மாதிரி ஒன்றை அட்டையில் செய்து கொண்டுவர வேண்டும், மதிப்பெண் உண்டு என்று. அந்த நேரத்தில் என் மகள் தூங்கப் போயிருந்தாள். சின்னவனுக்குக் காய்ச்சல். மருந்து கொடுத்து, தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தேன். என் கணவருக்கு அன்று இரவு ஷிஃப்ட். கடைகள் மூடியாகிவிட்டன. செய்தியைப் பார்த்ததும் மகளை எழுப்புவதா வேண்டாமா என்று அந்த இடத்திலேயே நின்றேன். எழுப்பாவிட்டால் நாளைக்கு வகுப்பில் அவள் மட்டும் வெறும் கையோடு நிற்பாள். எழுப்பினேன்.

வீட்டில் இருந்த செருப்புப் பெட்டியைக் கிழித்துத்தான் அட்டை. பசை தீர்ந்துபோயிருந்தது, மாவைக் கரைத்து அடுப்பில் வைத்துக் காய்ச்சினேன். மேகத்துக்கு முதலுதவிப் பெட்டியில் இருந்த பஞ்சு. கடலுக்கு நீலத் தாள் கிடைக்கவில்லை, பழைய நோட்டு ஒன்றின் மேலட்டையை வெட்டினோம். மகளுக்கு அதில் ஆர்வம் இல்லாமல் இல்லை. 'அம்மா, கடல்ல இருக்கிற தண்ணி எப்படி மேல போகுது?' என்று கேட்டாள். நல்ல கேள்வி. கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்து, மேலே ஒரு தட்டைப் பிடித்து, ஆவி எப்படித் துளியாக மாறுகிறது என்று காட்டியிருக்கலாம். பத்து நிமிட வேலைதான். ஆனால் தோளில் கிடந்த சின்னவன் சிணுங்கிக்கொண்டிருந்தான், மணி பத்தைத் தாண்டிவிட்டது. 'அப்புறம் சொல்றேன்' என்றேன். அம்புக்குறிகளை ஒட்டிக்கொண்டிருக்கும்போதே அவள் மேசையில் தலைவைத்துத் தூங்கிவிட்டாள். கையில் கத்தரிக்கோல் அப்படியே இருந்தது. மெதுவாக எடுத்து வைத்துவிட்டு, அவளைத் தூக்கிப் படுக்க வைத்துவிட்டு வந்து மீதியை நான் செய்தேன். ஒரு கையால்தான் செய்தேன், மறு கையில் காய்ச்சல் பிள்ளை. அதனால்தான் அது நேர்த்தியாக இல்லை.

இதை அனுதாபம் தேடிச் சொல்லவில்லை. நீங்கள் மதிப்பெண் போட்டது யாருடைய வேலைக்கு என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். நீர்ச் சுழற்சியில் என் மகளுக்கு இருந்த சந்தேகம் அன்று தீரவில்லை. அந்த அட்டையால் அவள் எதையும் கற்றுக்கொள்ளவும் இல்லை. மறுநாள் கொட்டாவி விட்டுக்கொண்டு பள்ளி வேனில் ஏறினாள், மாலையில் அந்தச் சிவப்புக் குறிப்போடு வந்தாள். குறிப்பை எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, 'உன்னையத்தான் திட்டியிருக்காங்களாம்மா?' என்று கேட்டாள். அதற்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

உலகத் தண்ணீர் தினம் திடீரென்று அறிவிக்கப்படும் நாள் இல்லை. 1992இல் ஐக்கிய நாடுகள் சபை தீர்மானம் போட்டு, 1993 முதல் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 22 அன்றுதான் வருகிறது. சுற்றுச்சூழல் தினம் ஜூன் 5, அது 1973லிருந்து. புவி தினம் ஏப்ரல் 22, அது 1970லிருந்து. இந்தத் தேதிகள் எதுவும் மாறுவதில்லை. கல்வியாண்டு தொடங்கும்போதே உங்கள் நாட்காட்டியில் இவை அச்சாகி வருகின்றன. பிறகு எப்படி முந்தைய நாள் இரவு ஒன்பது மணிக்கு மேல் நினைவுக்கு வருகிறது? விழா நாள், போட்டி நாள், மாறுவேட நாள், நிற நாள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பச்சை நிறச் சட்டை வேண்டும் என்று இரவில் கேட்டால், பச்சைச் சட்டை இல்லாத வீட்டில் என்ன செய்வார்கள்?

வகுப்பு ஆசிரியையை நான் குறை சொல்லவில்லை. அவருக்கும் வீடு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். மாலை வரை கூட்டம் வைத்து, அதன்பின் அறிவிப்பை அவர் கையில் கொடுத்தால் அவர் எப்போது அனுப்புவார்? வீட்டு வேலையை முடித்து உட்காரும்போதுதானே அனுப்ப முடியும்? ஒன்பது மணிக்கு அவர் பள்ளி வேலை பார்த்துக்கொண்டிருந்தார் என்பதே தவறு. அதை நாங்கள் எல்லோரும் இயல்பு என்று எடுத்துக்கொண்டுவிட்டோம். வேலை நேரம் முடிந்தபின் அலுவலகச் செய்திகளிலிருந்து விலகியிருக்கும் உரிமையைப் பிரான்ஸ் 2017 முதல் சட்டத்தில் வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2024இல் அது வந்தது. ஆசிரியைக்கும் அப்படி ஒரு மாலை வேண்டும், பிள்ளையைப் பெற்றவர்களுக்கும் வேண்டும். ஒரு வாரம் முன்னதாகத் திட்டமிட்டால் இரண்டு பேருக்கும் அது கிடைக்கும்.

தூக்கத்தைப் பற்றியும் கொஞ்சம் யோசியுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்திருக்கிறது. உங்கள் பள்ளி வேனைப் பிடிக்க என் மகள் காலை ஆறு மணிக்கு எழ வேண்டும். குறைந்தபட்சத் தூக்கம் கிடைக்க வேண்டுமென்றாலே இரவு ஒன்பதுக்குள் அவள் தூங்கியிருக்க வேண்டும். உங்கள் செய்தி வந்தது 9.20க்கு. காலையில் தாமதமாக வந்தால் வாசலில் நிறுத்தி வைக்கிறீர்கள். இரவில் நீங்கள் தாமதமாக அனுப்புவதைக் கேட்க யாரும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் வகுப்புக் குழுவில் இருப்பவர்கள், ஒரு பாட்டியைத் தவிர, எல்லோரும் அம்மாக்கள். சேர்க்கை விண்ணப்பத்தில் அப்பாவின் எண்ணையும் வாங்கினீர்கள். கட்டணம் கட்டச் சொல்லும் குறுஞ்செய்தி இரண்டு பேருக்கும் தவறாமல் வருகிறது. அட்டை, சட்டை, வண்ணக் காகிதம், பேச்சுப் போட்டிக்கு எழுதிக் கொடுக்க வேண்டியது, காய்ச்சல் வந்தால் கூட்டிப்போக வேண்டியது, இவையெல்லாம் அம்மாவின் எண்ணுக்கு மட்டும். பிள்ளையை வளர்ப்பதில் தாய் தந்தை இருவருக்கும் பொதுவான பொறுப்பு உண்டு என்று 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 18ஆம் பிரிவு சொல்கிறது. நீங்களோ டைரியில் 'தாயார்' என்று எழுதுகிறீர்கள். என் கணவர் வீட்டு வேலைக்கு ஒதுங்கி நிற்கிறவர் இல்லை. சொன்னால் செய்வார். ஆனால் அவரிடம் சொல்வதும் நினைவூட்டுவதும் என் வேலையாகவே இருக்கிறது. காரணம், செய்தி வருவது எனக்கு மட்டும்.

உலகம் முழுக்கச் சம்பளம் இல்லாத பராமரிப்பு வேலையில் 76.2 சதவீதத்தைப் பெண்கள்தான் செய்கிறார்கள் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கையில் இருக்கிறது. பெண்களுக்கு ஒரு நாளைக்கு சராசரியாக 4 மணி 25 நிமிடம், ஆண்களுக்கு 1 மணி 23 நிமிடம். இந்தக் கணக்கை மாற்றுவது உங்கள் ஒருவர் கையில் இல்லைதான். ஆனால் அதில் சேர்த்துக்கொண்டே போவதை நிறுத்துவது உங்கள் கையில் இருக்கிறது.

உண்மையில் பள்ளி மட்டும் இப்படி இல்லை. எந்த இடத்துக்குப் போனாலும், வீட்டில் எந்நேரமும் ஒரு பெண் சும்மா இருக்கிறாள் என்ற எண்ணத்தில்தான் எல்லாம் நடக்கிறது. மருத்துவமனையில் பிள்ளைக்குத் தடுப்பூசி என்றால் வேலை நாள் காலை. வீட்டுக்கு மெக்கானிக் வருவதென்றால் 'பத்திலிருந்து ஐந்துக்குள்' யாராவது இருக்க வேண்டும். அலுவலகத்தில் கிளம்பும் நேரத்துக்குத்தான் மீட்டிங் போடுவார்கள், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று எழுந்தால் முகம் சுளிப்பார்கள். உடம்பு சரியில்லாத பிள்ளைக்காக எடுக்கும் விடுப்பு என் பெயரில் எழுதப்படுகிறது, ஆண்டு இறுதி மதிப்பீட்டில் 'ஈடுபாடு குறைவு' என்று அது வந்து நிற்கிறது. அங்கே ஈடுபாடு குறைவு, இங்கே அக்கறை குறைவு. காலை இருட்டில் எழுந்து இரவு கடைசியாகப் படுக்கிறவளிடம் இரண்டு இடத்திலும் குறைதான் கண்டுபிடிக்கிறார்கள் என்றால், குறை அவளிடம் இல்லை.

சரி, அலுவலகத்தின் மேல் இருக்கும் கோபத்தை உங்களிடம் கொட்டுவது நியாயம் இல்லை. உங்களிடம் கேட்க வந்ததற்கே வருகிறேன்.

'இது கட்டாயம் இல்லை, முடிந்தவர்கள் செய்யட்டும்' என்று சென்ற கூட்டத்தில் ஒருவர் பதில் சொன்னார். மதிப்பெண் போடும் எதுவும் பிள்ளையின் கண்ணில் விருப்பத்துக்கு உரியது ஆகாது. மற்றவர்கள் எல்லோரும் அட்டையோடு வரிசையில் நிற்கும்போது தான் மட்டும் இல்லாமல் நிற்பது எட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. எங்கள் வகுப்பிலேயே இரவு நேர வேலைக்குப் போகும் தாய் ஒருவர் இருக்கிறார், உங்கள் செய்தியை அவர் காலையில் வீடு திரும்பித்தான் பார்க்கிறார். பாட்டி வளர்க்கும் பையன் ஒருவன் இருக்கிறான், அந்தப் பாட்டிக்கு வாட்ஸ்அப் பார்க்கவே பேரன்தான் உதவ வேண்டும். இவர்களுக்கு ஒரு வாரம் கிடைத்தால் சமாளித்துவிடுவார்கள். ஒரே ஓர் இரவு கிடைத்தால் முடியாது. இதில் அக்கறை எங்கே குறைகிறது?

ஆகவே மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். செய்துவர வேண்டிய வேலைகளை ஒரு வாரம் முன்னதாக, டைரியிலும் எழுதி அனுப்புங்கள். முடிந்தால் அந்தப் பருவத்துக்கான எல்லா நாட்களையும் ஒரே தாளில் முதலிலேயே கொடுத்துவிடுங்கள், நாங்கள் சுவரில் ஒட்டிக்கொள்வோம். மாலை ஆறு மணிக்குப் பிறகு, அவசரம் தவிர வேறு எந்தச் செய்தியும் வேண்டாம். மறுநாள் பள்ளி விடுமுறை என்பது அவசரம், பச்சைச் சட்டை அவசரம் இல்லை. குழுவில் அப்பாக்களின் எண்களையும் சேருங்கள். கைவேலை பிள்ளை செய்ய வேண்டியது என்று நீங்கள் உண்மையாகவே நினைத்தால், அதை வகுப்பிலேயே, உங்கள் பொருட்களை வைத்து, அவர்களாகவே செய்யவிடுங்கள். கோணலாக இருக்கட்டும். எங்களுக்கு அதைப் பார்க்கத்தான் ஆசை.

டைரியில் உள்ள குறிப்பைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். அதை அடித்துவிட்டு, மாதிரி செய்யப் போதிய நேரம் கொடுக்கப்படவில்லை என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டுத் தாருங்கள். இது எனக்காக இல்லை. தினமும் அந்த டைரியைப் புரட்டும் என் மகள் அதைப் பார்க்க வேண்டும்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் இதைப் பேச நேரம் ஒதுக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வழக்கம்போல் வேலை நாள் பகல் பதினொரு மணிக்கு வைத்தால் எங்களில் பாதிப் பேர் வர முடியாது. சனிக்கிழமை காலை வையுங்கள். என் கணவரும் வருவார், மற்ற அப்பாக்களையும் அழைத்து வருகிறோம். எந்தச் சனிக்கிழமை என்று ஒரு வாரம் முன்னதாகத் தெரிவித்தால் நன்றி உடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்